தகட்டுல ஒரு பேர், இரும்புல வேற ஊர்: பழைய தையல் மெசின யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க அம்மாயி வச்சிருந்த கால் மெசின் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு. கறுப்புத் தலை, தங்கக் கலர்ல பூ வேல, கீழ இரும்புக் கால். 1964ல இலங்கைத் தோட்டத் தமிழர்ல நெறையப் பேர இந்தியாவுக்கு அனுப்ப சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்ததுக்கு அப்புறம் எங்க தேயிலத் தோட்டத்துல இருந்து இந்தியாவுக்குப் போன ஒரு குடும்பம், தலைமன்னார்ல கப்பல் ஏற முன்னால விக்க முடிஞ்சதையெல்லாம் வித்துட்டுப் போனாங்க, அப்ப அவங்ககிட்ட அம்மாயி வாங்கினது. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, எல்லாரும் அத சிங்கர் மெசின்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா நம்ம பக்கம் தையல் மெசின்னாலே சிங்கர்தான், அந்தக் கம்பெனி 1877லயே இலங்கைக்கு வந்துருச்சு, அதனால அந்தப் பேரே சாமானோட பேரா ஆயிருச்சு. ஆனா இந்த மெசின்ல எங்க தேடினாலும் சிங்கர்னு எழுதல. தூண் மாதிரி நிக்கிற இடத்துல ஒரு சின்னத் தகடு, அதுல யாரும் கேள்விப்படாத ஒரு இங்கிலீஷ் பேரு, மேல நீளமா "டீலக்ஸ்"னு ஒரு எழுத்து. அவ்வளவுதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால பொபின் கேஸ், அதாவது அடி நூல் சுத்துன பொபின் உக்காருற கூடு, தேஞ்சு போய் நூல் சிக்க ஆரம்பிச்சுச்சு. ஹட்டன் டவுனுக்குப் போய் மெசின் ரிப்பேர் பண்ற பாஸ்கிட்ட அந்தத் தகட்டுப் பேரச் சொன்னேன். அவரு அம்பது வருசமா இந்த வேல செய்றவரு. "பேர விடுங்க மகள், அது கடைக்காரன் வச்ச பேரு, வீட்டுக்குப் போய் மெசின கவுத்துப் போட்டு அடியப் பாத்துட்டு வாங்க"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்ச தேடல்தான் இது, கத்துக்கிட்டத புதுசா பாக்குறவங்களுக்குப் புரியிற மாதிரி எழுதுறேன்.

முதல்ல தகட்டுல இருக்கிற பேருக்கும் செஞ்சவங்களுக்கும் சம்பந்தம் இல்லாமப் போறது எப்படின்னு புரியணும். இது தேயில மாதிரிதான். டிக்கோயாவுலயோ டயகமவுலயோ பறிக்கிற கொழுந்து அந்தத் தோட்டத்து ஃபேக்டரியிலயே வாடி, அரைஞ்சு, காஞ்சு, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்.னு தரம் பிரிஞ்சு பைக்குள்ள போகுது, பையில தோட்டத்து மார்க்கும் இன்வாய்ஸ் நம்பரும் இருக்கும். 1883ல இருந்து நடக்குற கொழும்பு ஏலத்துல ஒருத்தர் அத வாங்கி, இன்னும் நாலு தோட்டத்துத் தூளோட கலந்து, தன்னோட பேரு போட்ட அழகான பெட்டியில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாரு. குடிக்கிறவருக்குப் பெட்டிப் பேருதான் தெரியும், நம்ம தோட்டத்துப் பேரு தெரியாது. தையல் மெசின்லயும் அப்படியே, ஃபேக்டரி ஒண்ணு, வாங்கி விக்கிறவன் ஒருத்தன், தகட்டுல இருக்கிறது விக்கிறவனோட பேரு. ஒரே ஃபேக்டரியில ஒரே வாரம் செஞ்ச ரெண்டு மெசின் ரெண்டு நாட்டுல ரெண்டு பேர்ல இருக்கலாம். ஒரே பேருல இருக்கிற ரெண்டு மெசின் ரெண்டு வேற ஃபேக்டரியில செஞ்சதாவும் இருக்கலாம்.

இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவுல சியர்ஸ்ங்கிற பெரிய கடை வித்த கென்மோர் மெசின். கென்மோர்ங்கிறது கடையோட சொந்தப் பேரு, மெசின் செஞ்சு குடுத்தது வேற வேற கம்பெனிங்க. யார் செஞ்சதுங்கிறது மாடல் நம்பரோட முதல் மூணு இலக்கத்துல இருக்கு. 117ன்னா ஒயிட் கம்பெனி, 148ன்னா ஜப்பான்ல சோர்யூ, 158ன்னா மருசென், 385ன்னா ஜனோமே. தேயிலப் பையில தோட்டத்து மார்க் மாதிரி, தெரிஞ்சவங்க கண்ணுக்கு மட்டும் படுற அடையாளம். எல்லாக் கம்பெனியும் இவ்வளவு சுளுவா எழுதி வைக்கல, ஆனா ஏதோ ஒரு அடையாளத்த இரும்புல விட்டுட்டுத்தான் போயிருக்காங்க.

இப்ப நம்ம வீடுகள்ல இருக்கிற பேர் தெரியாத மெசின்கள்ல நெறைய ஒரே சாயல்ல இருக்கறத கவனிச்சிருப்பீங்க. கறுப்புத் தலை, ஒரே வளைவு, நூல் இறுக்குற திருகு இடது ஓரத்துல முகத் தகட்டுல, பொபின் கேஸ் நட்டமா நின்னு இடது பக்கத்துல இருந்து கழட்டுற மாதிரி. இந்த உருவம் சிங்கரோட 15ம் நம்பர் கிளாஸ், அதாவது மாடல் வகை. 1800கள் கடைசியில இருந்தே இருந்த டிசைன், பேட்டன்ட் எல்லாம் முடிஞ்சு போனதால யார் வேணும்னாலும் செய்யலாம். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சப்ப ஜப்பான்ல ஆயுதம் செஞ்ச பட்டறைங்க எல்லாம் வேற வேல தேடிச்சு, அதுல நெறையப் பேரு தையல் மெசின் பக்கம் வந்தாங்க. 1940கள் கடைசியில அவங்க எல்லாம் சேந்து இந்த 15 கிளாஸையே பொது அளவா வச்சுக்கிட்டாங்க, அதுக்கு எச்.ஏ. 1னு பேரு. இது ரொம்பப் பெரிய விசயம், ஏன்னா ஒருத்தன் வார்ப்பு ஊத்துவான், இன்னொருத்தன் திருகு செய்வான், மூணாவது ஆளு அடி நூலக் கொண்டு போற ஷட்டில் செய்வான், நாலாவது ஆளு எல்லாத்தையும் வாங்கிப் பூட்டி மெசினாக்குவான், அளவு ஒண்ணா இருக்கறதால எல்லாம் பொருந்தும். வெளிநாட்டு வியாபாரி வந்து இத்தனை மெசின் வேணும், என் பேர போட்டுக் குடுன்னா போட்டுக் குடுப்பாங்க. அப்படி ஆயிரக்கணக்கான பேர்கள்ல ஜப்பான் மெசின் உலகம் முழுக்கப் போச்சு. ட்ரெஸ்மேக்கர், மோர்ஸ், பெல்வெடேர்னு அமெரிக்காவுல கெடைக்கிறதெல்லாம் இந்த வகைதான். "டீலக்ஸ்", "பிரிசிஷன்"னு பெரிய எழுத்துல மேல எழுதியிருக்கிறதும் இந்த மெசின்கள்ல அடிக்கடி பாக்குறது. அது மெசின் பேரு இல்ல, சும்மா அலங்காரம். எங்க மெசின்ல அந்த டீலக்ஸப் பாத்து எத்தன நாள் அதத் தேடி அலஞ்சேன்னு சொல்லி முடியாது.

சரி, கையில ஒரு மெசின் இருக்கு, எங்க பாக்குறது? தகடு, தங்க எழுத்து ரெண்டையும் கடைசியில வையுங்க. தகடு திருகுலயோ சின்ன ஆணியிலயோதான் நிக்குது, யாரும் எப்ப வேணும்னாலும் மாத்தலாம். தகட்டச் சுத்தி பெயிண்ட் நெறம் மாறியிருந்தா, பக்கத்துல மூடுன ஓட்ட தெரிஞ்சா, இது ரெண்டாவது தகடு. தங்க எழுத்து டிரான்ஸ்ஃபர் மாதிரி ஒட்டுறது, பழைய மெசினுக்குப் புது டிரான்ஸ்ஃபர் இப்பவும் விக்கிறாங்க, பெயிண்ட் அடிச்சு சிங்கர்னு ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க. எழுத்து அழிஞ்சு போயிருந்தா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சுப் பாருங்க, தங்கம் போனாலும் எழுத்து இருந்த இடம் மேடு பள்ளமா தெரியும். எங்க மெசின்ல பகல்ல கண்ணுக்கே தெரியாத ரெண்டு எழுத்து அப்படித்தான் கெடச்சுது.

ஒண்ணு சொல்லணும், தொடைக்கிறதுக்கு தின்னர், ஸ்பிரிட் ரெண்டும் வேணாம். பழைய கறுப்பு மெசின் மேல இருக்கிற மினுக்கம் ஷெல்லாக், ஸ்பிரிட் பட்டா கரைஞ்சு பூ வேல எல்லாம் துணியோட வந்துரும். மெசின் எண்ணெய தொட்டு மெல்லத் தொடைங்க. நுவரெலியா, நானுஓயா மாதிரி எப்பவும் பனியும் மூட்டமுமா இருக்கிற ஊர்ல அடிப்பக்கம் துரு ஏறியிருக்கும், அங்க மட்டும் மண்ணெண்ணெய தொட்டு பழைய பல்லு பிரஷால தேய்க்கலாம். நம்பர் வெட்டியிருக்கிற இடத்துல உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, நம்பரே தேஞ்சு போனா அப்புறம் எதுவும் கெடைக்காது.

இப்ப மெசின பின்பக்கமா சாய்ங்க. கால் மெசின்னா பெல்ட்டக் கழட்டிட்டு, பின்னால ரெண்டு கீல்ல தலை அப்படியே மடங்கும், கை மெசின்னா பெட்டியோட சேத்து. அடியில ரெண்டு விதமான எழுத்து இருக்கும், இதப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு இரும்பு ஊத்தும்போதே அச்சுல வந்த மேடான எழுத்து, இன்னொண்ணு அப்புறமா உளி அச்சால அடிச்ச பள்ளமான எழுத்து. மேடா இருக்கிறது பெரும்பாலும் வார்ப்பு அச்சு நம்பர், அத வச்சு வருசம் சொல்ல முடியாது, நெறையப் பேரு இங்கதான் ஏமாறுறாங்க. பள்ளமா அடிச்சதுதான் நமக்கு வேணும்.

அந்தப் பள்ள எழுத்துல ஜே.ஏ. (JA) இல்லன்னா ஜே.சி. (JC)ன்னு இருந்து, பின்னால ஒண்ணு, ரெண்டு, மூணு இலக்கத்துல சின்ன நம்பர் இருந்தா, அது ஜப்பான் மெசின். அந்தச் சின்ன நம்பர் மெசினோட சீரியல் நம்பர் இல்ல, செஞ்ச பட்டறைக்குக் குடுத்த கோட். அடியிலயோ, தூணோட அடிப்பக்கத்துலயோ, சக்கரத்துக்குக் கீழயோ அடிச்சிருப்பாங்க. பழைய மெசின் சேக்குறவங்க எந்த நம்பர் யாருதுன்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, எல்லா நம்பருக்கும் சொந்தக்காரங்க வெளிய வரல, ஏன்னா நூத்துக்கணக்கான சின்னப் பட்டறைங்க, பாதி பத்து வருசத்துல மூடியாச்சு. "மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்"னு இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், வருசமே ஓரளவு தெரிஞ்சு போச்சு. அமெரிக்கப் படை ஜப்பான்ல இருந்த காலத்துல, 1947 வாக்குல இருந்து 1952 ஏப்ரல்ல ஆக்கிரமிப்பு முடியிற வரைக்கும் ஏற்றுமதிச் சாமான்ல அப்படிப் போட்டாங்க. 1951ல சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுல ஜே.ஆர். ஜெயவர்தன ஜப்பான்கிட்ட நட்டஈடு கேக்க மாட்டோம்னு பேசினத நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அந்த வருசத்து மெசின் ஒண்ண கையில தொட்டுப் பாக்கும்போது எனக்கு அந்தப் பாடம் வேற மாதிரி விளங்கிச்சு.

ஆனா ஜே.ஏ., ஜே.சி.ன்னு பாத்ததும் ஜப்பான்னு முடிவு கட்டிராதீங்க. இந்த இடத்துலதான் நானே ரெண்டு நாள் சுத்திக்கிட்டு இருந்தேன். கனடாவுல சிங்கருக்கு ஒரு ஃபேக்டரி இருந்துச்சு, அங்க செஞ்ச மெசினோட சீரியல் நம்பரும் ஜே.ஏ., ஜே.பி., ஜே.சி.ன்னு ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கும். வித்தியாசம் பின்னால வர்ற நம்பர்ல இருக்கு, சிங்கர்ல ஆறு இலக்கம் வரும், ஜப்பான் கோட்ல மூணுக்கு மேல போகாது. அடுத்தது சீனா. சீனாவுல செஞ்ச வீட்டு மெசின்களுக்கு மாடல் பேரே ஜே.ஏ.1-1, ஜே.ஏ.2-1ன்னு இருக்கும், நடுவுல ஒரு கோடு. வண்ணத்துப்பூச்சி படம் போட்ட பட்டர்ஃப்ளை மெசின், ஷாங்காய்ல செஞ்சது, அதுல இத அடிக்கடி பாக்கலாம். ஆக ஒரே ரெண்டு எழுத்து மூணு நாட்டுல மூணு அர்த்தம். ஆறு இலக்கம்னா கனடா சிங்கர், சின்ன நம்பர் மட்டும்னா ஜப்பான், நடுவுல கோடு போட்டு இன்னொரு நம்பர் வந்தா சீனா.

உண்மையான சிங்கரா இல்லையான்னு பாக்குறது இதவிட சுலபம். மெசின் படுக்கையோட, அதாவது துணி ஓடுற தட்டையான அடிப் பகுதியோட, வலது பக்கத்துல, சக்கரத்துக்குக் கிட்ட சீரியல் நம்பர் அடிச்சிருக்கும். 1900க்கு முன்னால செஞ்சதுல வெறும் நம்பர்தான், அதுக்கு அப்புறம் முன்னால ஒரு எழுத்து, 1935 வாக்குல இருந்து ரெண்டு எழுத்து. ரெண்டு எழுத்துல முதல் எழுத்து இ (E) ஆக இருந்தா ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க் ஃபேக்டரி, 1980ல மூடுன இடம், ஏ (A) ஆக இருந்தா அமெரிக்கா. எங்க பக்கத்து லயத்துல ஒரு ஆயா வச்சிருந்த கை மெசின் இ எழுத்துல ஆரம்பிக்கிறது, அவங்க அத எங்க மெசினோட ஜோடின்னே நெனச்சிருந்தாங்க, ஆனா அதுல நூல் இறுக்குற திருகு முன்பக்கம், பொபின் மேல இருந்து படுக்க வைக்கிறது. அது 99 கிளாஸ், சின்ன சைஸ். சிங்கர் நம்பர் இல்லாம சிங்கர்னு பேர் மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க.

நம்பரே இல்லன்னா? துரு தின்னுருச்சு, இல்லன்னா யாரோ தேச்சுட்டாங்கன்னா, பொபினப் பாருங்க. மெசினோட வயசும் வம்சமும் அங்க ஒளிஞ்சிருக்கு. படகு மாதிரி ஷட்டில் இடமும் வலமுமா ஓடுனா அது ரொம்பப் பழைய வகை, சிங்கர் 12 இல்லன்னா அதப் பாத்துச் செஞ்ச ஜெர்மன் மெசின். தோட்டா மாதிரி நீளமான ஷட்டில் ஊஞ்சல் போல வளைஞ்சு ஆடுனா சிங்கர் 27, 28 வம்சம், இதையும் ஜெர்மன்காரங்க நெறையச் செஞ்சு இங்கிலாந்து வியாபாரிங்க பேர்ல வித்தாங்க. வட்டப் பொபின் நட்டமா நின்னு கொக்கி அப்படியும் இப்படியும் ஆடுனா 15 வம்சம், அப்பதான் ஜப்பான், இந்தியா, சீனான்னு யோசிக்கணும். ஜப்பான்ல 1921ல ஆரம்பிச்ச ஒரு கம்பெனிக்கு ஜனோமேன்னு பேரு வந்ததே இதனாலதான், ஜனோமேன்னா அந்த பாசையில பாம்புக் கண்ணு, நீள ஷட்டில் காலத்துல வட்டப் பொபின் பாம்புக் கண்ணு மாதிரி தெரிஞ்சுதாம். ஷட்டில எடுத்து வெளிச்சத்துல பாருங்க, ஜெர்மன் மெசின்கள்ல ஷட்டில்லயும் பொபின மூடுற சறுக்குத் தகட்டுலயும் செஞ்சவங்க முத்திரை இருக்கும், தகட்டுல வியாபாரி பேர் இருந்தாலும் அத மாத்த மறந்துருப்பாங்க.

இந்திய மெசின்களுக்கு வந்தா, உஷா கல்கத்தாவுல ஜே என்ஜினியரிங் வொர்க்ஸ் செஞ்சது, அது பேர் மறைக்காம தன்னோட பேர்லயே வந்ததால குழப்பம் இல்ல. குழப்பம் லூதியானாவுல. பஞ்சாப்ல இருக்கிற அந்த ஊர்ல சின்னச் சின்னப் பட்டறைங்க நெறைய, உதிரிப் பாகமும் முழுத் தலையும் செஞ்சு யார் பேர் கேட்டாலும் போட்டுக் குடுக்குற இடம், அங்க செஞ்ச தலையில பட்டறை யாருதுன்னு புடிக்கிறது கஷ்டம், ஊர் வரைக்கும் போனாலே போதும்.

பேர் மாறாம ஊர் மாறுன கதையும் இருக்கு. ஜோன்ஸ்ங்கிறது மான்செஸ்டர் பக்கத்துல கைட் பிரிட்ஜ்ல செஞ்ச நல்ல ஆங்கில மெசின். 1968ல ஜப்பான் பிரதர் கம்பெனி அத வாங்குச்சு. அதுக்கு அப்புறம் ஜோன்ஸ் பேர்ல வந்த மெசின்ல ஜப்பான்ல செஞ்சதும் இருக்கு. தாத்தா கால ஜோன்ஸும் 1970கள் ஜோன்ஸும் ஒரே பேர், சாமான் வேற.

இரும்புக் கால், மேசை ரெண்டையும் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. முழு சைஸ் தலைகளோட படுக்கை பதினாலரை அங்குல நீளம், ஏழு அங்குல அகலம், ஜப்பான்காரங்களும் அதே அளவு வச்சாங்க, அதனால எந்தத் தலையும் எந்த மேசையிலயும் உக்காரும். நம்ம லயங்கள்ல ஒருத்தர் தலை வித்துட்டு கால வச்சுக்குவாங்க, இன்னொருத்தர் கால வாங்கி வேற தலை பூட்டுவாங்க. எங்க மெசின் காலுல சிங்கர்னு வார்ப்புலயே இருக்கு, லயத்துல அதுக்கு சிங்கர் பேர் வந்ததே அந்தக் காலாலதான்னு இப்ப நெனைக்கிறேன்.

சக்கரம் சுத்தாத மெசின்னு யாராவது தூக்கிப் போடப் போனா அத முதல்ல நிறுத்துங்க. நெறைய வீட்டுல மெசின் எண்ணெய் இல்லாத நேரம் தேங்காயெண்ண விட்டுருக்காங்க. தேங்காயெண்ண 24 டிகிரிக்குக் கீழ உறையும், எங்க ஊர் குளிருக்கு காலையில போத்தல்லயே வெள்ளையா கட்டி நிக்கும், மெசினுக்குள்ள நாள் போகப் போக பிசின் மாதிரி ஆகி எல்லாத்தையும் புடிச்சுக்கும். மண்ணெண்ணெய எல்லா எண்ணெய் ஓட்டையிலயும் விட்டு ஒரு ராத்திரி வச்சு, மெல்ல மெல்ல ஆட்டி ஆட்டி விட்டா நெறைய மெசின் உயிரோட வந்துரும், அப்புறம் மெசின் எண்ணெய் விடணும். எங்க மெசின் அப்படித்தான் மூணு நாள்ல சுத்துச்சு, மூணாவது நாள் சக்கரம் விட்டுக் குடுத்த சத்தம் கேட்டு அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க.

யார் செஞ்சதுன்னு தெரிஞ்சா என்ன லாபம்னு கேப்பீங்க. சாமான் கெடைக்கும். வம்சம் 15ன்னு தெரிஞ்சதும் கடையில பேர் சொல்லத் தேவையில்ல, "15 கிளாஸ் பொபின் கேஸ்"னு கேட்டா போதும், பழையத கையோட கொண்டு போகணும், ஏன்னா அதுல மேல நீட்டிக்கிட்டு இருக்கிற விரல் சிலதுல கடிகாரத்துல 11 மணி பக்கம் இருக்கும், சிலதுல 1 மணி பக்கம், மாத்தி வாங்குனா பூட்டாது. ஊசி 15×1, பாக்கெட்டுல எச்.ஏ.×1னு போட்டிருந்தாலும் அதேதான், இந்தக் கால வீட்டு மெசின் ஊசியும் அதேதான், எந்தக் கடையிலயும் இருக்கு. படகு ஷட்டில் 12 வகைக்கு மட்டும் அந்த ஊசி சேராது, அதுக்குத் தனியா தேடணும்.

எங்க மெசின் அடியில துருவச் சொரண்டுனப்ப ஜே.சி.யும் ரெண்டு இலக்கமும் வந்துச்சு. ஹட்டன் பாஸ்கிட்ட போன்ல போட்டோ காட்டினேன், "நான் சொல்லல?"ன்னு சொல்லிட்டு லாச்சிக்குள்ள இருந்து பொபின் கேஸ எடுத்து வச்சாரு. வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில எழுதி மெசின் லாச்சிக்குள்ள ஒட்டியிருக்கேன்: ஜப்பான், 15 கிளாஸ், ஜே.சி. நம்பர், ஊசி 15×1, பொபின் கேஸ் விரல் 1 மணி, கால் மட்டும் சிங்கர், தேங்காயெண்ண விடக்கூடாது, 1964க்கு அப்புறம் இந்தியாவுக்குப் போன குடும்பத்துக்கிட்ட அம்மாயி வாங்கினது.